குழி எத்தனை அடி? மைக்ரோகிரிட் கருவிகளைப் பேசவைத்துச் சோதிப்பது எப்படி

புதுச்சேரி, கடலூர் பக்கம் நிலம் பேசினால் காணி, குழி என்றுதான் பேச்சு வரும். இங்கே ஒரு குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி; நூறு குழி சேர்ந்தால் ஒரு காணி. அப்படியே தெற்கே இறங்கி காவிரி டெல்டாவுக்குள் போனால் அங்கேயும் குழி உண்டு, ஆனால் அது 12க்கு 12, வெறும் 144 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு மா. இரண்டு ஊர்க்காரர்களும் பேசுவது தமிழ்தான், சொல்வதும் ஒரே சொல்தான், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் தெளிவாகத்தான் விழுகிறது. இருந்தும் "ஐம்பது குழி" என்று பேசி முடித்துக் கை நனைத்துவிட்டால், அளக்கப் போகும்போது நாலு மடங்கு வித்தியாசம் வந்து நிற்கும்.

மைக்ரோகிரிட் பற்றிப் படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் குழிக் கணக்கைத்தான். இன்வெர்ட்டர், பேட்டரி, மீட்டர், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே தரநிலையில் பேசுகின்றன என்று பெட்டிமேல் எழுதியிருக்கும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் ஒன்று சொன்னதை இன்னொன்று அதே பொருளில் எடுத்துக்கொண்டதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவரை அந்த அமைப்பை நம்பி ஒரு ஊரை விடக்கூடாது.

முதலில் மைக்ரோகிரிட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு பள்ளி, ஒரு ஆஸ்பத்திரி, நாலு தெரு, ஏதோ ஒரு எல்லைக்குள் இருக்கும் மின்தேவை, அதே எல்லைக்குள் கொஞ்சம் மின்சாரம் தயாரிக்கும் வழி (சோலார், டீசல் ஜெனரேட்டர்), கொஞ்சம் சேமிக்கும் வழி (பேட்டரி), எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வெளி மின்சாரம் இருக்கும்போது அதோடு சேர்ந்து ஓடும். வெளியே போய்விட்டால் நடுவில் உள்ள பிரேக்கரைத் திறந்துகொண்டு தனித்தீவாக ஓடும். இப்படிக் கழன்று தனியே நிற்கவும், திரும்ப வந்து சேரவும் தெரிந்தால்தான் அது மைக்ரோகிரிட். வெறுமனே கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பது மைக்ரோகிரிட் ஆகாது. சாதாரண கிரிட் இணைப்பு சோலார் இன்வெர்ட்டர் வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும், லைனில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தும், வீட்டுக்குள் மின்விசிறி சுற்றாது.

இது எங்கள் பக்கம் ஏன் முக்கியம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் சாய்ந்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. நெய்வேலியில் மின்சாரம் தயாராகும் மாவட்டம்தான் இது, ஆனால் கம்பமும் கம்பியும் விழுந்தபின் அது வீட்டுக்கு வந்து சேர வழியில்லை. அப்புறம் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அந்த மழையையும் பார்த்தோம். குடிதண்ணீர் மோட்டார், நாலு விளக்கு, செல்போன் சார்ஜ், குளிரில் வைக்க வேண்டிய மருந்து: இவ்வளவு ஓடினாலே ஒரு நிவாரண முகாமில் மனிதர்கள் மனிதர்களாக இருக்க முடியும்.

சரி, பேச்சுக்கு வருவோம். தனித்தீவாக ஓடும் நேரத்தில் உள்ளே என்னென்ன பேச்சு நடக்க வேண்டும்? வெளி மின்சாரம் போய்விட்டது என்று பிரேக்கர் சொல்ல வேண்டும். இதுவரை வெளியே இருந்து வந்த 50 ஹெர்ட்ஸ் தாளத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பேட்டரி இன்வெர்ட்டர், இனி அந்தத் தாளத்தைத் தானே போட வேண்டும். சோலார் அதிகமாக வந்தால் குறை என்று சொல்ல வேண்டும், பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்க வேண்டும், பற்றாக்குறை என்றால் ஏசியை நிறுத்து, தண்ணீர் மோட்டாரை விடு என்று வரிசை பார்க்க வேண்டும். பேட்டரி ஒரு நிறுவனம், சோலார் இன்வெர்ட்டர் இன்னொன்று, மீட்டர் மூன்றாவது, ஜெனரேட்டர் பத்து வருடத்துக்கு முன் வாங்கியது. இவை மாற்று வேலையோ மொழிபெயர்ப்புப் பெட்டியோ இல்லாமல் சேர்ந்து வேலை செய்வதைத்தான் ஒத்தியங்குதல் என்கிறோம்.

இந்தப் பேச்சுக்குப் பல மொழிகள் இருக்கின்றன. ரொம்பப் பழையது, இன்றும் எங்கே போனாலும் கண்ணில் படுவது மோட்பஸ். 1979 இல் மோடிகான் என்ற நிறுவனம் தன் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காகக் கொண்டுவந்தது. எளிமையானது, அதனால்தான் பிழைத்திருக்கிறது. கருவிக்குள் எண்களை வைக்கும் அறைகள் வரிசையாக இருக்கும், அவற்றுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். "இத்தனாம் ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஒரு எண் வரும், அவ்வளவுதான். அந்த எண் வோல்ட்டா, வாட்டா, பத்தால் பெருக்கியதா, வகுத்ததா என்று மோட்பஸ் சொல்லாது. அதாவது இலக்கணம் இருக்கிறது, அகராதி இல்லை. அகராதி ஒவ்வொரு நிறுவனத்தின் கையேட்டிலும் தனித்தனியாக இருக்கிறது.

அந்தக் குறையை நிரப்ப வந்ததுதான் சன்ஸ்பெக். மோட்பஸ் மேலேயே, எந்த இடத்தில் எந்த அளவு, என்ன அலகு, எத்தனை தசமம் என்று பொது அகராதி போட்டுக் கொடுத்தது. தொடக்க ரெஜிஸ்டர்களில் எஸ், யூ, என், எஸ் என்று நான்கு எழுத்து இருந்தால், சரி, இது அந்த மொழி பேசும் கருவி என்று கேட்பவர் கண்டுகொள்ளலாம். மீட்டர் உலகத்துக்கு டிஎல்எம்எஸ் என்று தனி மொழி. அதில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண் முகவரி உண்டு; 1.0.1.8.0.255 என்றால் இதுவரை உள்ளே வந்த மொத்த யூனிட், உலகத்தில் எந்த மீட்டரிலும் அதே பொருள். நம் நாட்டு ஸ்மார்ட் மீட்டருக்கான ஐஎஸ் 16444, ஐஎஸ் 15959 தரநிலைகள் இதன் மேல்தான் நிற்கின்றன. துணைமின் நிலையங்களில் பிறந்து வளர்ந்த மொழி, ஐஇசி என்ற உலகத் தரநிலை அமைப்பின் ஐஇசி 61850. அதில் வெறும் எண் இல்லை, பெயரே உண்டு. எக்ஸ்சிபிஆர் என்றால் பிரேக்கர், எம்எம்எக்ஸ்யூ என்றால் அளவீடு. சோலார், பேட்டரி போன்றவற்றுக்கு அதன் 7-420 ஆம் பகுதி. அமெரிக்காவில் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு போட்ட ஐஇஇஇ 1547 தரநிலையின் 2018 பதிப்பு, கிரிட்டோடு சேரும் சிறு மின் உற்பத்திக் கருவிகள் சன்ஸ்பெக் மோட்பஸ், டிஎன்பி3, ஐஇஇஇ 2030.5 என்ற மூன்று மொழிகளில் ஒன்றையாவது பேச வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மூன்றில் ஒன்று போதும் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், இன்வெர்ட்டர் ஒன்றைப் பேசும், வாங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொன்றைப் பேசும், இரண்டும் விதிப்படி சரி.

புதுச்சேரியிலேயே இந்தப் பிரச்சினையை நேரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2012 இல் பவர்கிரிட் நிறுவனமும் புதுச்சேரி மின்துறையும் சேர்ந்து ஸ்மார்ட் கிரிட் முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பல நிறுவனங்களின் மீட்டர்கள், மின்கம்பி வழியே பேசுவது, ரேடியோவில் பேசுவது, செல்போன் சிம் வழியே பேசுவது என்று வெவ்வேறு வகை, எல்லாவற்றையும் ஒரே ஊரில் மாட்டி ஒரே கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒரே நிறுவனத்திடம் எல்லாவற்றையும் வாங்கியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அப்படி வாங்கினால் பத்து வருடம் கழித்து ஒரு மீட்டர் பழுதானாலும் அதே கடை வாசலில்தான் போய் நிற்க வேண்டும். பொதுப் பணத்தில் ஓடும் ஒரு அமைப்புக்கு அந்த நிலைமை வரவே கூடாது என்பது என் அழுத்தமான எண்ணம்.

இனி சோதனை. இதில் இரண்டு வார்த்தைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது இணக்கச் சோதனை. ஒரு கருவியைத் தனியாக மேஜையில் வைத்து, தரநிலைப் புத்தகம் சொன்னபடி பேசுகிறதா என்று ஒவ்வொரு விதியாகக் கேட்டுப் பார்ப்பது. ஐஇசி 61850க்கு இதை எப்படிச் செய்வது என்று சொல்லவே பத்தாம் பகுதி இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மத்திய மின்சார ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வகங்களில் செய்து சான்றிதழ் கொடுப்பார்கள். இரண்டாவது ஒத்தியங்கு சோதனை. இரண்டு, மூன்று வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றாகக் கட்டிப் பேசவிட்டுப் பார்ப்பது. முதல் சோதனையில் தேறிய இரண்டு கருவிகள் இரண்டாவதில் தோற்கலாம், அடிக்கடி தோற்கின்றன. ஏனென்றால் எந்தத் தரநிலையிலும் கட்டாயம் என்று சில பகுதி, விருப்பம் என்று பல பகுதி. நான் இன்னின்ன செய்திருக்கிறேன், இதைச் செய்யவில்லை என்று ஒவ்வொரு கருவியோடும் ஒரு அறிக்கை வரும். வாங்குவதற்கு முன்னால் இரண்டு கருவிகளின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். படிப்பவர்கள் குறைவு.

ஐஇசி 61850 உலகத்தில் இதற்காகவே நிறுவனங்கள் தங்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி ஒன்றோடொன்று கட்டிப் பார்ப்பார்கள். 2011 இல் பாரிஸ், 2013 இல் மியூனிக், 2015 இல் பிரஸ்ஸல்ஸ் என்று நடந்தது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவர் தவறை ஒருவர் கண்டுபிடித்துக் கொடுப்பது நல்ல பழக்கம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலூருக்குத் தெற்கே கடலோரம் ஒரு பள்ளிக்கூடம். புயல் என்றால் சுற்றியுள்ள தெரு ஜனம் அங்கேதான் வந்து தங்கும். கூரையில் சோலார், ஒரு அறையில் பேட்டரியும் அதன் இன்வெர்ட்டரும், பின்பக்கம் பழைய ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. மாட்டிக் கொடுத்தவர்கள் சாயங்காலம் வந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அங்கே எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாயங்காலம், ராத்திரி எல்லாம் நல்லாத்தான் ஓடுது. காலையில பத்து மணிக்கு மேல போர் மோட்டார் தானா நின்னுடுது. வெயில் நல்லா அடிச்சா நிக்குது, மேகம் போட்டா ஓடுது. எனக்கு ஒண்ணும் புரியல."

வெயில் அடித்தால் மோட்டார் நிற்கிறது, சோலார் வைத்த இடத்தில்! மோட்பஸ் பேச்சு போகும் ஆர்எஸ்485 என்ற கம்பி இணைப்பை லேப்டாப்போடு சேர்க்கும் கன்வெர்ட்டரைச் செருகி, பேட்டரி இன்வெர்ட்டருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையில் போகும் கம்பியில் ஒட்டுக் கேட்டேன். கேள்வி ஒழுங்காகப் போகிறது, பதில் ஒழுங்காக வருகிறது, பிழைச் சரிபார்ப்பு எண்ணும் சரி. மோட்பஸ் புத்தகப்படி ஒரு குற்றமும் இல்லை. பேட்டரியின் மின்திறனுக்கான (வாட் கணக்கு) ரெஜிஸ்டரில் 65036 என்று வந்துகொண்டிருந்தது.

அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கையேட்டைப் புரட்டினால், அந்த நிறுவனக் கணக்கில் ஒரு எண் என்பது 10 வாட். பேட்டரி மின்சாரம் கொடுத்தால் கூட்டல், சார்ஜ் ஆனால் கழித்தல். ஒரு ரெஜிஸ்டரில் 16 பிட் இடம், 0 முதல் 65,535 வரை எழுதலாம். கழித்தல் எண் எழுத வேண்டுமென்றால் 65,536 இல் இருந்து கழித்து எழுதுவது வழக்கம். அப்படியென்றால் 65036 என்பது கழித்தல் 500, அதாவது பேட்டரி 5 கிலோவாட்டில் சார்ஜ் ஆகிறது. வெயில் நேரத்தில் நடக்க வேண்டியதே அதுதான். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அந்த ரெஜிஸ்டரைக் கூட்டல் எண் என்று அமைத்திருந்தார்கள். அதன் காதில் விழுந்தது, பேட்டரி 650 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று. அந்தப் பள்ளி முழுவதும் போட்டாலும் 15 கிலோவாட் தாண்டாது. தாங்காது, ஏதாவது ஒன்றை நிறுத்து என்று முடிவெடுத்து, தனக்குக் கொடுத்த வரிசையில் முதலில் இருந்த மோட்டாரை நிறுத்திவிட்டது. ராத்திரியில் பேட்டரி கொடுப்பதால் எண் கூட்டலாகவே வரும், 300 என்றால் 3 கிலோவாட், எல்லாம் சரியாகத் தெரியும். சாயங்காலம் வந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு தேர்வை மாற்றினோம், மோட்டார் ஓடியது. குழி அதே குழிதான், அளவுகோல் வேறு. புயலன்று காலை இது நடந்திருந்தால் அங்கே தங்கியிருப்பவர்களுக்குத் தண்ணீர் இருந்திருக்காது என்ற நினைப்பு மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

இதே ஜாதித் தவறுகள் இன்னும் உண்டு. பெரிய எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் பிரித்து எழுதுவார்கள், எது முன், எது பின் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம். 1,000 யூனிட் என்று அனுப்பியதை மாற்றிப் படித்தால் 6,55,36,000 ஆகிவிடும். இது பரவாயில்லை, பார்த்ததுமே தப்பு என்று தெரியும். நேரம் சம்பந்தப்பட்ட தவறு அப்படித் தெரியாது. ஒரு கருவி நம் நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் பதிவு செய்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும், காலை ஆறு மணி வெயில் நள்ளிரவு 12.30 கணக்கில் ஏறும், அதை வைத்து நாளைய சார்ஜ் திட்டம் போட்டால் என்ன ஆகும்? ஆர்எஸ்485 கம்பியில் ஏ, பி என்று எழுதியிருப்பதே இரண்டு நிறுவனங்களிடம் தலைகீழாக இருப்பதுண்டு, அது மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும்.

வேகம் என்று ஒரு விஷயமும் இருக்கிறது. மோட்பஸில் நாம் கேட்டால்தான் பதில், ஒரு நொடி, இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்பது வழக்கம். பிரேக்கர் திறந்துவிட்டது என்ற செய்திக்கு அது போதாது. ஐஇசி 61850 இல் கூஸ் என்று ஒரு செய்தி வகை இருக்கிறது. யாரும் கேட்காமலே, நிகழ்வு நடந்த கணத்தில் எல்லோருக்கும் கத்திச் சொல்லும், கிடைத்ததா என்று பதில் எதிர்பார்க்காது, அதனால் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்பக் கத்தும். பாதுகாப்புக்கான அவசரச் செய்திக்கு 3 மில்லி விநாடி என்பது கணக்கு. நம் 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சின்ன நேரம் என்று புரியும். இதைச் சோதிக்கும்போது செய்தி வந்ததா என்பதோடு நிறுத்தக்கூடாது, நெட்வொர்க்கில் மற்ற போக்குவரத்தை நிரப்பிவிட்டு அப்போதும் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முழு அமைப்பையும் சோதிப்பது அடுத்த கட்டம். மைக்ரோகிரிட் கட்டுப்பாட்டுப் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று ஐஇஇஇ 2030.7 சொல்கிறது, அதை எப்படிச் சோதிப்பது என்று 2030.8 சொல்கிறது. அடிப்படையில் இரண்டே வேலைதான் பார்க்கிறார்கள்: யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது, கிரிட்டில் இருந்து கழன்று திரும்பச் சேருவது. ஆய்வகத்தில் நிஜக் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்து, சோலார், பேட்டரி, கிரிட் எல்லாவற்றையும் கணினிக்குள் நிகழ்நேரத்தில் ஓடவிட்டு இணைப்பார்கள். பெட்டிக்குத் தான் நிஜ ஊரோடு பேசுவதாகவே இருக்கும். அங்கே புயல் அடிக்க வைக்கலாம், நூறு தடவை கரண்டை நிறுத்தலாம், ஒரு கருவியும் எரியாது.

எல்லாம் சரியாக ஓடும்போது சோதிப்பது சுலபம். பேச்சு நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பார்ப்பேன். கட்டுப்பாட்டுப் பெட்டி 'சோலாரைப் பாதியாகக் குறை' என்று சொல்லிவிட்டு அதன் பிறகு செத்துப் போனது என்று வையுங்கள். இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? சில கருவிகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தன் இயல்பு நிலைக்குத் திரும்பும். சிலது கடைசியாகக் கேட்ட கட்டளையையே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும். எது சரி என்று தரநிலை எல்லா இடத்திலும் சொல்வதில்லை, நாம்தான் முடிவு செய்து எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். பேச்சே இல்லாமல் சமாளிக்கும் வழியும் உண்டு: பேட்டரி நிறைந்துவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் ஏற்றும், அதைப் பார்த்து சோலார் தானாகக் குறைத்துக்கொள்ளும். கம்பி அறுந்தாலும் வேலை செய்யும் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதுவும் ஒரு மொழிதான். ஒரு இன்வெர்ட்டர் படிப்படியாகக் குறைக்கும், இன்னொன்று எல்லை தாண்டியதும் சட்டென்று கழன்றுகொள்ளும், அதையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு லேப்டாப், ஒரு யூஎஸ்பி ஆர்எஸ்485 கன்வெர்ட்டர், மோட்பஸ் பேசும் ஒரு எனர்ஜி மீட்டர், இலவசமாகக் கிடைக்கும் மோட்பஸ் மென்பொருள் போதும். மின்சாரம் ஓடும் பக்கத்தை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துக் கட்டுங்கள். வரும் எண்ணையும் கையேட்டையும் வைத்து வோல்ட்டைக் கண்டுபிடியுங்கள், 230க்குப் பக்கத்தில் வந்தால் சரி, 2300 என்று வந்தால் தசமம் எங்கே என்று தேடுங்கள், 0 என்று வந்தால் இரண்டு ரெஜிஸ்டரில் எது முன், எது பின் என்ற வரிசையை மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் இதோடு மல்லுக்கட்டினால் பத்துப் புத்தகம் படித்த தெளிவு வரும்.

அந்தப் பள்ளிக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. போர் மோட்டாரைப் போட்டுவிட்டு மெயின் பிரேக்கரை இறக்கச் சொன்னேன். டியூப்லைட் ஒருமுறை சிமிட்டியது, மோட்டார் சத்தம் மாறவில்லை. அப்புறம் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து போகும் தொடர்புக் கம்பியைப் பிடுங்கினோம். அண்ணன் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அறுபது நொடியில் பேட்டரி இன்வெர்ட்டர் தன் இயல்பு நிலைக்கு வந்தது, சோலார் இன்வெர்ட்டர் வரவில்லை, பழைய கட்டளையிலேயே நின்றது. அதன் அமைப்பையும் அறுபதுக்கு மாற்றி மறுபடி பிடுங்கினோம், இந்த முறை இரண்டும் திரும்பின. எந்த ரெஜிஸ்டர், என்ன அலகு, கூட்டலா கழித்தலா, எது முன் எது பின், பேச்சு நின்றால் எத்தனை நொடி என்று எல்லாவற்றையும் அண்ணனே ஒரு தாளில் தமிழில் எழுதினார். அதை லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.